முறை வைத்து வலை போடும் ஊர்கள்

சென்னைக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-இல் நடக்கும் என்று அறிவித்தார்கள். கொரோனா முதல் அலை வடிந்தும் வடியாத நேரம் அது. ஆட்கள் கூடக் கட்டுப்பாடு இருந்தது. மீன் சந்தைகள் மூடிக் கிடந்த மாதங்களின் சுமை இன்னும் இறங்கவில்லை. அந்த நிலையிலும் துறைமுகத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் ஊர்களில் கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் போயின, ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. சென்னை இளைஞர்கள் அந்தக் குரலை இணையத்தில் எடுத்துப் போனார்கள். கருத்துக் கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி தேதி குறித்தார்கள். அதுவும் தள்ளிப்போனது.

தேதி தள்ளிப்போனதை யாரும் வெற்றி என்று கொண்டாட முடியாது. திட்டம் காகிதத்தில் இருக்கும்வரை கவலையும் இருக்கும். ஆனால் இத்தனை பெரிய நிறுவனம், இத்தனை பெரிய தொகை, மாறி மாறி வரும் அரசுகள் என்று எதிரே நிற்பவற்றின் அளவைப் பார்த்து ஓய்ந்துபோகாமல், ஒவ்வொரு அறிவிப்புக்கும் இந்த ஊர்கள் திரும்பத் திரும்பக் கூடுகின்றனவே, அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது? அரசியல் செய்திகளைப் படித்து மனம் சோர்ந்துபோகும் எவருக்கும் இந்தக் கேள்வி உதவும்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிக்கு அப்பால், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாக விரிந்து கிடக்கிறது பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதளத்துக்காக அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களும் இந்த ஏரிக்கரை வரலாற்றில் உண்டு. ராக்கெட் ஏவும் நாட்களில் இன்றும் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது.

வெளியிலிருந்து வரும் அதிகாரம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நீண்ட காலம் அவர்களுக்குத் தலைமையிடமாக இருந்த ஊர் இது. துணி ஏற்றுமதியான இதே துறையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக டச்சுக் குடியேற்றமான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கோட்டை அழிந்துவிட்டது. செதுக்குக் கல்லறைகள் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இப்போதைய கவலைக்கு வருவோம். காட்டுப்பள்ளித் துறைமுகம் எல் அண்ட் டி நிறுவனத்திடமிருந்து 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன் சரக்கைக் கையாளும் திறனை 320 மில்லியன் டன்னாக உயர்த்துவது விரிவாக்கத் திட்டம். மதிப்பீடு 53,031 கோடி ரூபாய். தேவைப்படும் நிலத்தில் சுமார் 2,000 ஏக்கரைக் கடலைத் தூர்த்து எடுக்க வேண்டும். வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் வரும் என்று துறைமுகத் தரப்பு சொல்கிறது.

மீனவர்களின் அச்சம் மணலைப் பற்றியது. கிழக்குக் கரையில் கடலோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. குறுக்கே கல்சுவர் எழுந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகுதான் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையைக் கடலுக்குக் கொடுத்தன. காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. இடையில் கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே கிடப்பது ஒடுக்கமான மணல்திட்டு. அது அரித்துப்போனால் கடலும் ஏரியும் ஒன்றாகும், பிறகு ஏரியை நம்பிய மீனும் இறாலும் என்னவாகும் என்று கேட்கிறார்கள். படிப்பறிவு இல்லாதவர்களின் வீண் பயம் என்று இதைத் தள்ள முடியாது. ராயபுரத்தைப் பார்த்தவர்களின் கணக்கு அது.

அரசியல் சூழலும் லேசானதாக இல்லை. 2018 மே 22-இலும் மறுநாளும் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு கடலோரத்தில் கொடி பிடித்து இறங்கும் யாருக்கும் வீட்டிலிருந்து ஒரு பயக்குரல் கேட்காமல் இருக்காது. 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு, கருத்துக் கேட்புக்கு மக்களுக்குக் கிடைக்கும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கச் சொன்னது. அந்த வரைவே முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வந்தது. மற்ற மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தன் வாழ்க்கையைப் பற்றிய தாளைத் தன் மொழியில் கேட்டு வாங்குவதற்கே ஒரு வழக்கு வேண்டியிருக்கிற காலத்தில் நம்பிக்கையோடு இருங்கள் என்று சொல்வது சுலபம், அதைச் செய்வது கடினம்.

பழவேற்காட்டில் அதைச் செய்யக் கைகொடுப்பது பழைய பழக்கம் ஒன்று. அதன் பெயர் பாட்டு முறை; பாடு என்பது வலை போடும் இடம்.

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவு இறால் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் அள்ளும், சில இடங்களில் வலை வெறுமனே வரும். நல்ல இடத்துக்கு எல்லோரும் முண்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள், வலை போடும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிடித்துவந்தார்கள். இன்று நல்ல பாட்டில் வலை கட்டியவர் அடுத்த முறை சுமாரான பாட்டுக்கு நகர வேண்டும். பங்கு தலைக்கட்டுக்கு. பணக்காரர், செல்வாக்குள்ளவர் என்று தனி முறை கிடையாது.

இந்தப் பாடுகளில் வலை கட்டும் சுத்துவலைக்காரர்களின் வேலை பெரும்பாலும் இரவில்தான். சேற்றில் கழிகளை வரிசையாக ஊன்றி, வலையை அவற்றோடு சுற்றிக் கட்டுகிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் ஓட்டத்தோடு கடலை நோக்கிப் போகும் இறால் வலையில் சேர்கிறது. ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. கழி பிடிக்க ஒருவர், வலை இறக்க இருவர், படகைச் சமாளிக்க ஒருவர் என்று கூட்டாகத்தான் முடியும். இரவெல்லாம் ஒரே தண்ணீரில் நின்றவர்கள்தான் மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுகிறார்கள். சண்டை வரும், கை ஓங்கும், அபராதம் விழும். ஆனால் அடுத்த முறைக்குச் சீட்டுப் போடும்போது அவர்களும் வந்தாக வேண்டும். பிடிக்காதவரோடும் சேர்ந்து முடிவெடுக்கும் பயிற்சியை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்கள் பெற்றிருக்கின்றன. கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும்போது புதிதாகச் சங்கம் அமைத்து, யார் பேசுவது, செலவை எப்படிப் பிரிப்பது என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தும் ஊர் வரியும் கூட்டம் போட்டுப் பேசும் வழக்கமும் முன்பே இருக்கின்றன.

உலகின் வேறு கரைகளிலும் இதே யோசனை எழுந்திருக்கிறது. துருக்கியின் அலன்யா ஊரில் 1970-களில் நூறு பேர் அளவிலான மீனவர்கள், யார் எங்கே வலை போடுவது என்ற தகராறு முற்றியபோது, இடங்களுக்குப் பெயர் வைத்துப் பட்டியலிட்டு, ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுக் குலுக்கினார்கள். ஆளுக்கொரு இடம், தினம் ஒரு இடம் நகர வேண்டும். பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், தன் புத்தகத்தில் அலன்யாவை விரிவாக எழுதினார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை போடும் மீனவர்களும் சங்கம் வைத்து, முறை வைத்துப் பிடித்துவருகிறார்கள். அரசு வந்து சொல்லிக் கொடுத்து நடந்தவை அல்ல இவை.

இதோடு நிறுத்தினால் கதை இனிமையாக இருக்கும். ஆனால் பாட்டு முறைக்கு வெளியே நிற்பவர்களும் இதே ஏரியில்தான் இருக்கிறார்கள். பாட்டில் பங்கு பட்டினவர் ஆண்களுக்கு. பாடு இல்லாத ஊர்கள், பிற சாதி மீனவர்கள், தலித் மக்கள், இருளர்கள் ஆகியோருக்கு நல்ல இடங்களில் உரிமை இல்லை. இதனால் சண்டைகள் நடந்திருக்கின்றன, வழக்குகளும் உண்டு. மாநில எல்லையில் ஆந்திர மீனவர்களோடு மோதலும் வந்துபோகிறது. மீன் விற்று வீட்டை நடத்தும் பெண்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் இடம் கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுக இதன் இரண்டு முகமும் தெரிந்தது. வந்த நிவாரணத்தை ஊர்ப் பஞ்சாயத்துகள் தலைக்கட்டுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்தன. பல இடங்களில் அதே பஞ்சாயத்துகளின் பட்டியலில் தலித் குடும்பங்களின் பெயர் இல்லாமல் போனது. நெருக்கமான ஊர் பலம்தான். ஆனால் அதன் வட்டம் எங்கே முடிகிறது என்பதை யாராவது எழுந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த உதவிதான் இந்த ஏரியை ஒரு முறை காப்பாற்றியது. 1990-களில் கிழக்குக் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. விளைநிலம் உப்பானது, குடிநீர் கெட்டது, கடலுக்குப் போகும் வழிகள் வேலிக்குள் போயின. தஞ்சைக் கடைமடையில் நிலமற்ற தலித் மக்களோடு உழைத்துவந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் அவர் துணைவி கிருஷ்ணம்மாளும் அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் இருந்தார்கள். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது, சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் கூடாது என்று பெயர் சொல்லியே தடுத்தது அந்தத் தீர்ப்பு. அப்போது ஜெகந்நாதனுக்கு எண்பது வயது கடந்திருந்தது.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து, மூடிய கதவில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. ஆனால் நாகப்பட்டினத்துக் கூலி உழவர்களின் குறையை எடுத்துக்கொண்டு போன ஒரு முதியவரின் மனு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு வடக்கே இருக்கும் ஒரு ஏரிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தது. தன் ஊருக்காக மட்டும் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சிலிகாவில் நடந்ததும் பழவேற்காட்டுக்குப் பாடம்தான். அங்கே டாட்டா நிறுவனம் ஒடிசா அரசோடு சேர்ந்து தொடங்கவிருந்த இறால் திட்டத்தை எதிர்த்து 1991-இல் ‘சிலிகா பச்சாவோ’ இயக்கம் எழுந்தது. மாணவர்களும் மீனவர்களும் சேர்ந்து போராட, திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் உள்ளூர் இறால் மாஃபியா போகவில்லை. 1999 மே மாதம் சோரனா கிராமத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு, 2000-இல், அடைபட்டுக் கிடந்த சிலிகாவுக்குக் கடலோடு புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்பும் மீனும் திரும்பின. ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிகாவின் பெயர் நீக்கப்பட்டது. கெட்டுப்போன ஏரி பத்தாண்டுக்குள் மீள முடியும் என்பதற்குக் கண்முன்னே இருக்கும் ஆதாரம் இது.

பழவேற்காட்டின் முகத்துவாரமும் அடிக்கடி மண் மூடிப் போகிறது. மூடினால் கடல் மீன் உள்ளே வர வழியில்லை, படகுகள் வெளியே போக வழியில்லை. மீனவர்கள் ஊர்க்காசு சேர்த்துத் தாங்களே மண்ணை வெட்டித் திறந்ததும் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்க இருபுறமும் கல்சுவர் கட்ட வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. தமிழக அரசு அதற்குச் சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. மாவட்ட ஆட்சியர் முதல் அமைச்சர் வரை எத்தனை பேரிடம் அந்தக் கோரிக்கை போயிருக்கும் என்று நினைத்தால், அரசாங்கத்தை எதிர்ப்பதும் அரசாங்கத்திடம் கேட்டு வாங்குவதும் இங்கே ஒரே கையால் நடப்பது புரியும். துறைமுகத்துக்கு எதிராகக் கூடும் அதே பஞ்சாயத்துதான் முகத்துவாரத்துக்காகவும் மனு எழுதுகிறது. எல்லாக் கட்சிகளும் ஓட்டுக் கேட்டு வருகின்றன. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக, காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று எழுதியது. எழுத்தில் வாங்கிய வாக்குறுதியை மறக்காமல் நினைவூட்டுவதும் ஒரு வேலை. 2023-இல் இரண்டாம் முறை தேதி குறித்தபோது அந்த வாக்குறுதி திரும்பத் திரும்பப் பேசப்பட்டது.

பக்கத்து எண்ணூரில் நடப்பதும் இங்கே கவனிக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுப்பாயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சு முட்டி மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். அதன்பின் சுற்றியுள்ள ஊர்கள் ஒன்றாகி ஆலை வாசலில் நாள் கணக்கில் உட்கார்ந்தன. முன்வரிசையில் பெண்கள் இருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் இடம் இல்லாதவர்களுக்குப் போராட்டப் பந்தலில் முதல் இடம் கிடைக்கிறது. பந்தல் பிரித்த பிறகும் அந்த இடம் அவர்களுக்கு இருக்குமா என்பதை இந்தக் கரை இன்னும் பேசித் தீர்க்கவில்லை.

பழவேற்காட்டின் வலு அங்கேதான் சோதிக்கப்படும் என்று தோன்றுகிறது. இது மீனவர் ஊர் மட்டும் இல்லை. மகிமை மாதா கோயிலும் பள்ளிவாசல்களும் சிவன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். ஏரி கெட்டால் மீன் வாங்குபவரும் விற்பவரும் ஐஸ் கட்டி உடைப்பவரும் சேர்ந்தே கெடுவார்கள். துறைமுகப் பிரச்சினை ஒரு வகையில் இவர்களை ஒரே மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. பாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

கருத்துக் கேட்பு மூன்றாம் முறை அறிவிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிப்பார். நடப்பது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும், இறுதியில் பதிவானவற்றை உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். வர முடியாதவர் எழுத்தில் அனுப்பலாம். இத்தனைக்கும் நடுவில் ஒரு விதி பலருக்குத் தெரியாது: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற எண்ணிக்கை எதுவும் கிடையாது. யாருமே வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு.

ஆகவே ஆட்கள் போக வேண்டும், தயாராகப் போக வேண்டும். எந்தப் பருவத்தில் எந்த இடத்தில் எந்த மீன் என்பதை ஊர்க்காரர்களே சொன்னால்தான் அது பதிவில் ஏறும். சென்னையிலும் எண்ணூரிலும் மீனவ இளைஞர்கள் கடலோரப் பொது நிலங்களை வரைபடமாக்கும் வேலையில் முன்பே இறங்கியிருக்கிறார்கள். அரசின் 1996 வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழி பின்னாளில் வந்த வரைபடத்தில் காணாமல் போனதை 2017-இல் வெளியே கொண்டுவந்ததும் இந்த மாதிரி உழைப்புதான். பழவேற்காட்டில் சுத்துவலைப் பாடுகள் எங்கே என்று ஊர்ப் பெரியவர்களுக்கு மனப்பாடம். இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் சேற்றுத் திட்டுகள் எந்தப் பாட்டுக் கணக்கிலும் இல்லை, அரசுப் பதிவிலும் இல்லை. அந்தத் திட்டுகளின் பெயரும் எல்லையும் அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். அடுத்த கூட்டத்துக்குள் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.